பெண்ணின் முடிவும் பேரேட்டின் எண்ணும்: கருத்தடைப் பயன்பாட்டை அளக்கும் முறைகள் பற்றி

1. கேள்வி

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தரும் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 65.5 விழுக்காட்டினர் நவீனக் கருத்தடை முறை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். இந்திய அளவில் இந்தப் பங்கு 56.5. பொதுச் சுகாதார அறிக்கைகள் இந்த இடைவெளியைத் தமிழ்நாட்டின் சாதனையாகக் குறிக்கின்றன. மகப்பேற்று இறப்பைக் குறைத்ததிலும் மருத்துவமனைப் பிரசவத்தை ஏறக்குறைய முழுமையாக்கியதிலும் இந்த மாநிலம் செய்திருப்பதை அறிந்தவர்கள் அந்தப் பெருமையை மறுக்க மாட்டார்கள்.

ஆனால் அதே அட்டவணையில் முறைவாரியான வரிகளையும் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த 65.5இல் 57.8 பெண் கருத்தடை அறுவை. ஆண் அறுவை 0.1. நவீன முறை பயன்படுத்துவதாகக் கணக்கில் வரும் நூறு பெண்களில் ஏறத்தாழ 88 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். காப்பர்-டி, மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாம் சேர்ந்து எஞ்சிய இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இக்கட்டுரை எழுப்பும் கேள்வி இதுதான்: திறன்மிக்க கருத்தடையைப் பெண்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பொதுச் சுகாதாரத்துக்காக அளக்கும்போது, நாம் உண்மையில் எதை அளக்கிறோம்? ஒரு பெண் எடுத்த முடிவையா, அவள் உடலில் நிகழ்ந்த ஒன்றையா? இரண்டும் பல சமயங்களில் ஒன்றாகவே இருக்கும். ஒன்றாக இல்லாத இடங்களில் நம் அளவுகோல் அதைக் காட்டிக்கொடுக்குமா என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது. இப்போதுள்ள அளவுகோல்கள் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பதும், காட்டும்படி அவற்றை மாற்ற வழி உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. அளவுகோல் வந்த வழி

1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக அறிவித்த முதல் நாடு இந்தியா. அறுவை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தைச் சென்னை அரசு 1950களிலேயே தொடங்கிவிட்டது. 1960களின் நடுப்பகுதியில் இருந்து முறைவாரி இலக்குகள் தில்லியில் நிர்ணயிக்கப்பட்டு, மாநிலம், மாவட்டம் எனப் பிரிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் கடைசிப் பணியாளர் வரை இறங்கின.

இலக்குகள் இருந்தால் வெவ்வேறு முறைகளை ஒரே கணக்கில் கூட்ட ஒரு பொது அலகு தேவைப்படும். அந்த அலகாக அறுவை ஆனது. ஒரு கருத்தடை அறுவைக்கு 3 காப்பர்-டி செருகல்கள் சமம். ஆண்டு முழுவதும் மாத்திரை எடுக்கும் 9 பேர் சமம். ஆணுறை பயன்படுத்தும் 18 பேர் சமம். ஆணுறை பயன்படுத்துவோர் ஒருவருக்கு ஆண்டுக்கு 72 உறைகள், மாத்திரைக்காரருக்கு 13 சுற்றுகள் என்று வைத்துக்கொண்டார்கள். ஆக, ஒரு அறுவைக்கு ஈடாக ஒரு பணியாளர் 1,296 ஆணுறைகளை வழங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். பதினெட்டுத் தம்பதியரை ஆண்டு முழுவதும் தேடிப்போய்ப் பார்ப்பதா, ஒரு பெண்ணை ஒரு நாள் மருத்துவமனைக்கு அழைத்துப்போவதா என்று வந்தால், பணிச்சுமை மிகுந்த எந்தப் பணியாளரும் எதைத் தேர்வார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. பேரேட்டின் அலகே களத்தில் எது நடக்கும் என்பதை முன்கூட்டித் தீர்மானித்துவிட்டது.

‘திறன்’ பற்றிய கணிப்பும் இந்தப் பேரேட்டில் அப்போதே இருந்தது. பாதுகாக்கப்பட்ட தம்பதியர் விகிதத்தைக் கணக்கிடும்போது அறுவைக்கு 100 விழுக்காடு, காப்பர்-டிக்கு 95 விழுக்காடு, ஆணுறைக்கு 50 விழுக்காடு எனத் திறன் வைத்துப் பெருக்கினார்கள். தேசிய அளவிலான இந்த விகிதம் எத்தனை பொருள்கள், எத்தனை அறுவைகள் வழங்கப்பட்டன என்பதிலிருந்து பெறப்பட்டது. பயன்படுத்தியவரை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நெருக்கடிநிலைக் காலம் காட்டியது. 1976–77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அதன் அரசியல் விலை 1977 தேர்தலில் தெரிந்தது. அதற்குப் பிறகு திட்டத்தின் பெயர் ‘குடும்பநலம்’ என்று மாறியது. அறுவையின் பாரம் ஆண்களிடமிருந்து பெண்களுக்கு நகர்ந்தது. இலக்கும் சமன்பாடும் மட்டும் அப்படியே நின்றன.

1994 கெய்ரோ மாநாடு மக்கள்தொகைக் கொள்கையின் மையத்தில் பெண்ணின் உரிமையை வைத்தது. 1995இல் தமிழ்நாடும் கேரளமும் இலக்கற்ற அணுகுமுறையின் சோதனைக் களங்களாயின. 1996 ஏப்ரலில் அது நாடு முழுவதற்கும் வந்தது. காகிதத்தில் இது பெரிய திருப்பம். ஆனால் மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், இதே காலத்தில் தமிழ்நாட்டின் அரசு மகப்பேற்று வார்டுகளில் களப்பணி செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, பிரசவத்துக்குப் பின் காப்பர்-டி செருகுவது அங்கே கேள்விக்கு இடமற்ற வழக்கமாக இருந்ததைப் பதிவுசெய்தது. மேலிருந்து வரும் எண் நின்ற பிறகும் அந்த எண்ணுக்காகப் பழகிய கைகள் நிற்கவில்லை.

3. எந்த முறை ‘திறன்மிக்கது’?

ஒரு முறையைப் பயன்படுத்தும் நூறு பெண்களில் முதல் ஆண்டில் எத்தனை பேர் கருவுறுகிறார்கள் என்பதே திறனை அளக்கும் வழி. அமெரிக்கத் தரவுகளிலிருந்து பெறப்பட்டு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடுகளில், வழக்கமான பயன்பாட்டில் பெண் அறுவைக்கு இது 0.5; காப்பர்-டிக்கு 0.8; மாத்திரைக்கு 7 முதல் 9; ஆணுறைக்கு 13 முதல் 18; விலகல் முறைக்கு 20ஐ ஒட்டி. தோலடி உள்வைப்பு எல்லாவற்றிலும் கீழே, 0.1 அளவில். இதைக் கொண்டு முறைகளை மூன்று படிகளாக அடுக்குகிறார்கள்: அறுவை, காப்பர்-டி, உள்வைப்பு ஆகியன மேற்படி, மாத்திரை, ஊசி நடுப்படி, ஆணுறையும் மரபு முறைகளும் கீழ்ப்படி.

இந்த அடுக்கு மருத்துவரீதியாகச் சரியானது. ஒரு பெண்ணுக்கு இதை எடுத்துச் சொல்வது அவளுக்கு நாம் செய்யும் கடமை. ஆனால் தனிப் பெண்ணுக்குத் தகவலாக இருப்பது ஒரு நாட்டுக்கு இலக்காக மாறும்போது சிக்கல் தொடங்குகிறது.

அமெரிக்காவின் ‘ஆரோக்கியமான மக்கள் 2030’ திட்டம், எதிர்பாராத கருத்தரிப்புக்கு வாய்ப்புள்ள பெண்களில் திறன்மிக்க கருத்தடை பயன்படுத்துவோரின் பங்கை உயர்த்துவதைத் தன் குறிக்கோள்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அங்கே மேற்படியும் நடுப்படியும் மட்டுமே கணக்கில் சேரும். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 3.7.1 என்ற குறியீடு, குடும்பத் திட்டமிடல் தேவையுள்ள பெண்களில் எத்தனை பேருக்கு அது நவீன முறைகளால் நிறைவேறியிருக்கிறது என்று கேட்கிறது. இங்கே ஆணுறை நவீன முறை. ஆகவே கணவரோடு பேசி ஆணுறையைத் தேர்ந்துகொண்ட ஒரே பெண் ஓர் அளவுகோலில் வெற்றி, இன்னொன்றில் தோல்வி. அவள் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. கோடு போட்ட இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

மரபு முறைகளின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. நாள் கணக்கு பார்ப்பதும் விலகல் முறையும் இரு அளவுகோல்களிலும் வெற்றிக் கணக்கில் சேர்வதில்லை. மக்கள்தொகை ஆய்வாளர் அலகா பாசு 2005இல் எழுதிய கட்டுரையில், இந்தியாவின் படித்த நகர்ப்புறப் பெண்கள் அறியாமையால் அல்லாமல் தெரிந்தே இம்முறைகளைக் கையாள்வதைச் சுட்டிக்காட்டினார். மேற்கு வங்கம் இதற்குச் சான்று. ஐந்தாம் சுற்றில் அங்கே நவீன முறைப் பயன்பாடு 60.7 விழுக்காடு, தமிழ்நாட்டைவிடக் குறைவு. மரபு முறையினர் பத்தில் ஒருவருக்கும் மேல். இருந்தும் அம்மாநிலத்தின் மொத்தக் கருவள விகிதம் 1.6, தமிழ்நாட்டில் அது 1.8. மரபு முறை தோல்வியுற்றால் சுமப்பவள் பெண்தான். அந்தத் தோல்வி கருக்கலைப்பில் முடியவும் கூடும். ஆகவே இம்முறைகளைக் கொண்டாடுவது என் நோக்கமல்ல. பத்தில் ஒரு பெண் தேர்ந்துகொண்ட ஒன்றைத் தோல்வி என்று எண்ணும் அளவுகோல், அவள் ஏன் அதைத் தேர்ந்தாள் என்று கேட்கும் வாய்ப்பையும் அத்தோடு இழந்துவிடுகிறது என்பதே நான் சொல்ல வருவது.

4. வகுக்கும் எண்ணில் யார் இருக்கிறார்கள்?

விழுக்காட்டில் மேலே இருக்கும் எண்ணைப் பற்றிப் பேசும் அளவுக்கு, கீழே வகுக்கும் எண்ணைப் பற்றி நாம் பேசுவதில்லை. ‘தேவை’ உள்ளவர் யார் என்பது அங்கேதான் முடிவாகிறது.

கருத்தடை பயன்படுத்துவோரையும் ‘நிறைவேறாத தேவை’ உள்ளோரையும் கூட்டினால் மொத்தத் தேவை. நிறைவேறாத தேவை என்பது, அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ விரும்பியும் எம்முறையும் பயன்படுத்தாத, கருவுறும் நிலையிலுள்ள பெண்ணைக் குறிக்கும். 2012இல் திருத்தப்பட்ட வரையறையின்படி, பல கேள்விகளுக்கான விடைகளைக் கணினி இணைத்து ஒரு பெண்ணுக்குத் தேவை இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. ‘உங்களுக்குக் கருத்தடை வேண்டுமா?’ என்ற நேரடியான கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ரூத் டிக்சன்-முல்லரும் ஏட்ரியன் ஜெர்மெய்னும் 1992இலேயே இதைக் குறையாகச் சுட்டினர். பயன்படுத்தும் முறை பொருந்தாமல் துன்புறும் பெண்ணும் இங்கே தேவை நிறைவேறியவளாகவே எண்ணப்படுகிறாள் என்பது அவர்களது விமர்சனத்தின் சாரம்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் எம்முறையேனும் பயன்படுத்துவோர் 68.6, நிறைவேறாத தேவை 7.5, கூட்டினால் 76.1. இந்தியாவில் 66.7, 9.4, கூட்டினால் அதே 76.1. மொத்தத் தேவை இரண்டிலும் சமம். நவீன முறைகளால் நிறைவேறிய பங்கு தமிழ்நாட்டில் 86 விழுக்காடு, இந்தியாவில் 74 விழுக்காடு. இந்த 12 புள்ளி இடைவெளி எங்கிருந்து வந்தது? நவீன முறைப் பயன்பாட்டில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 9 புள்ளிகள். அதில் 1.9 மட்டுமே நிறைவேறாத தேவை குறைந்ததால் வந்தது. மீதி 7.1 புள்ளிகள், மரபு முறையினர் இந்தியாவில் 10.2 ஆகவும் தமிழ்நாட்டில் 3.1 ஆகவும் இருப்பதால் வந்தவை. தமிழ்நாட்டின் முன்னிலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல், மரபு முறையைத் தோல்வியாக எண்ணும் வரையறையின் மேல் நிற்கிறது. கருத்தடை கிடைக்காமல் தவிக்கும் பெண்களின் எண்ணிக்கையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிது.

இன்னொன்று. அறுவை செய்துகொண்ட பெண் இந்தக் கணக்கில் எப்போதும் தேவை நிறைவேறியவள். இருபத்தைந்து வயதில் அறுவை செய்துகொண்டு, குழந்தையை இழந்தோ மறுமணம் செய்தோ முப்பதில் இன்னொரு குழந்தை விரும்பினாலும் அவளுக்கான குறியீடு மாறாது. அறிக்கைகள் முன்னிறுத்தும் முதன்மை எண்ணுக்கான கணக்கில் மணமாகாத பெண்களும் இல்லை. நகரங்களில் படிக்கவும் வேலைக்கும் வந்திருக்கும் இளம்பெண்களின் தேவையை மணமானவர் மட்டும் என்ற வேலி முன்கூட்டியே வெளியே நிறுத்திவிடுகிறது.

5. ஒரு புதிரும் அதன் பாடமும்

தமிழ்நாட்டில் பெண் அறுவையின் பங்கு மூன்று சுற்றுகளில் சென்ற வழி வியப்பானது. மூன்றாம் சுற்றில் (2005–06) 55.0 விழுக்காடு. நான்காம் சுற்றில் (2015–16) 49.4. ஐந்தாம் சுற்றில் 57.8. இதே காலத்தில் மொத்தக் கருவள விகிதம் 1.8, 1.7, 1.8 என்று ஏறக்குறைய அசையாமல் நின்றது.

மாத்திரையும் ஆணுறையும் ஆண்டுக்காண்டு ஏறி இறங்கலாம். அறுவை அப்படியல்ல, ஒருமுறை செய்துகொண்டவர் ஐம்பது வயதாகும்வரை கணக்கில் நிற்பார். இந்தியாவில் அறுவை செய்துகொள்ளும் சராசரி வயது 25ஐ ஒட்டியே இருக்கிறது. ஒரு பெண் ஏறத்தாழ 24 ஆண்டுகள் பேரேட்டில் இருக்கிறாள். அப்படியானால் நான்கைந்து ஆண்டுகளில் மொத்தப் பங்கு 8 புள்ளிகள் உயர, இளம்பெண்களிடையே அறுவை திடீரெனப் பெருகியிருக்க வேண்டும். அப்படிப் பெருகியிருந்தால் கருவளம் அசையாமல் இருந்திருக்காது. அதற்கு முந்தைய பத்தாண்டில் அறுவையின் பங்கு சரிந்ததை ஏற்பதற்கும் இதே தடை உண்டு.

நான்காம் சுற்றில் நாடு முழுவதும் இதே புதிர் தோன்றியது: கருவளம் 2.7இலிருந்து 2.2 ஆகக் குறைந்தது. நவீனக் கருத்தடைப் பயன்பாடோ உயரவில்லை, சற்றே இறங்கியது. கருக்கலைப்பு, தாமதமான திருமணம், கணவர் வெளியூரில் இருப்பது எனப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். தமிழ்நாட்டின் அறுவை எண்ணிக்கைக்கு மட்டும் இவை எதுவும் பொருந்தாது. அதற்குப் பொருந்தும் விளக்கம் கேட்கும் முறையில்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. மூன்றாம் சுற்றில் ஒன்றேகால் லட்சம் அளவில் இருந்த பெண்களின் மாதிரி, நான்காம் சுற்றில் ஏழு லட்சத்தை ஒட்டிப் பெருகியது. வினாத்தாள் நீண்டது. களைத்த கணக்கெடுப்பாளருக்கு ‘எந்த முறையும் இல்லை’ என்ற விடை அடுத்து வரும் பல கேள்விகளைத் தாண்ட வைக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் பிரசவத்தோடு செய்த ஆபரேஷனை, ‘இப்போது குழந்தை பிறப்பதைத் தள்ளிப்போட ஏதேனும் செய்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு விடையாகச் சொல்ல வேண்டும் என்பதும் பல பெண்களுக்குத் தோன்றாது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். முதலாவது, பெண் உடலில் நிலையாகப் பதிந்த, மறக்கவே முடியாத ஒரு நிகழ்வை அளக்கும்போதே ஆறு முதல் எட்டுப் புள்ளிகள் தடுமாறும் என்றால், இரண்டு மூன்று புள்ளி உயர்வை இலக்காக வைத்து மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்துவதற்கு அடிப்படை இல்லை. இரண்டாவது, அறுவை மிகுந்த ஒரு மாநிலத்தில் இந்த விழுக்காடு இன்றைய சேவையின் தரத்தைச் சொல்வதில்லை. கால் நூற்றாண்டாகச் சேர்ந்த முடிவுகளின் இருப்பே அது. இன்று பிரசவ வார்டில் நடப்பதை அறிய, இவ்வாண்டு எந்தப் பெண் எந்த முறையை எப்படி ஏற்றாள் என்று தனியே கேட்க வேண்டும்.

6. அளவுகோலே இலக்கானால்

2012 ஜனவரியில் பீகாரின் அரரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், இரவில், இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை நடந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் அறுவை நடந்து, பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தனர். அரரியா முகாமை முன்வைத்துத் தேவிகா பிஸ்வாஸ் தொடர்ந்த வழக்கில் 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2010 முதல் 2013 வரை அறுவையின்போதோ அதற்குப் பின்னோ 363 பெண்கள் இறந்ததைக் குறிப்பிட்டது. அறுவை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தவும், மறைமுகமான இலக்குகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும் அரசுகளுக்கு அறிவுறுத்தியது. இலக்குகள் அதிகாரப்பூர்வமாக நீக்கப்பட்டு இருபது ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு இது. அந்த இருபது ஆண்டுகளில் இலக்கு ‘எதிர்பார்க்கப்படும் அடைவு’ என்ற வேறு பெயரில் தொடர்ந்தது.

அரரியாவில் அறுவை பெற்ற 53 பேரும் நம் அளவுகோலில் மேற்படி முறையைப் பயன்படுத்தும் பெண்கள். பிலாஸ்பூரில் பிழைத்தவர்களும் அவ்வாறே. முழு விருப்பத்தோடு, முழுத் தகவலோடு செய்துகொண்ட பெண்ணிடமிருந்து அவர்களைப் பிரித்துக் காட்டும் கட்டம் அட்டவணையில் இல்லை.

ஈழத்திலும் பெண்ணின் விருப்பத்தை மீறிய கருத்தடை நிகழ்ந்ததாகக் குற்றச்சாட்டு உண்டு. போர் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2013 ஆகஸ்டில், கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், வலைப்பாடு, கிராஞ்சி ஊர்ப் பெண்கள் சுகாதார நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, போதிய விளக்கமின்றியும் அழுத்தத்தின் பேரிலும் தோலடி உள்வைப்பு செருகப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. திறன் அடுக்கில் உச்சியில் இருப்பது அந்த முறைதான். அதை அகற்றப் பெண் மீண்டும் அதே நிலையத்தைத்தான் நாட வேண்டும். திறன் அடுக்கின் மேற்படியில் இருக்கும் முறைகள் அனைத்துக்கும் பொதுவான பண்பு இது: பெண் தானாக நிறுத்திக்கொள்ள முடியாதவை. மறதியும் இடைவெளியும் நுழைய வழியில்லாததால்தான் அவை திறன்மிக்கவை. பெண் மனம் மாறுவதற்கும் அங்கே எளிய வழியில்லை. திறனை மட்டும் அளந்தால், பெண்ணின் கையிலிருந்து சேவை தருபவரின் கைக்குக் கட்டுப்பாடு நகர்வதையே நாம் முன்னேற்றமாக எண்ணிவிட நேரும்.

கறுப்பின, பழங்குடி, புவேர்ட்டோ ரிக்கப் பெண்களுக்கு ஒப்புதலற்ற அறுவைகள் நடந்த வரலாறு கொண்ட அமெரிக்கா இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. அந்நாட்டின் மக்கள்தொகை விவகார அலுவலகம் உருவாக்கிய கருத்தடைச் சேவைக் குறியீடுகள் 2016இல் தேசிய அங்கீகாரம் பெற்றன. அவற்றில் காப்பர்-டி, உள்வைப்பு போன்ற நீண்டகால முறைகளுக்கான குறியீட்டுக்கு எட்ட வேண்டிய இலக்கு வைக்கக் கூடாது என்று அந்த அலுவலகமே எச்சரித்தது. விரும்பும் பெண்ணுக்கு அம்முறை கிடைக்காமல் போகும் மருத்துவமனைகளைக் கண்டறிவதுதான் அக்குறியீட்டின் வேலை. எண்ணிக்கை மிகக் குறைந்தால் கேள்வி கேட்கலாம், கூடினால் பாராட்டத் தேவையில்லை என்ற இந்த எளிய விதி நமக்கும் பொருந்தும்.

7. எதிர்வாதத்தின் வலிமை

அளவிடுவதையே சந்தேகிப்பது பெண்களுக்கு நன்மை செய்யாது. கருத்தடைப் பயன்பாடு உலகெங்கும் 2008ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2,72,000 மகப்பேற்று இறப்புகளைத் தடுத்ததாக 2012இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் 2015இல் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்ததாகவும், கருத்தரிப்புகளில் ஏறக்குறையப் பாதி திட்டமிடாதவை என்றும் 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு மதிப்பிட்டது. இந்த எண்கள் இல்லாவிட்டால் கருத்தடைக்கு நிதி கேட்கவே முடியாது. எண்ணப்படாத தேவைக்கு எந்த நிதிநிலை அறிக்கையிலும் இடம் கிடைக்காது.

தமிழ்நாட்டுப் பெண்களை வெறும் பலியாட்களாகக் காண்பதும் தவறு. இரண்டு பிள்ளைகள் போதும் என்று தாங்களே முடிவெடுத்து, மாமியார் மறுத்தாலும் கணவர் தயங்கினாலும் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. மாதந்தோறும் மருந்தகம் போகத் தேவையில்லாத, கணவரின் ஒத்துழைப்பைச் சார்ந்திராத முறை என்பதாலேயே பலர் அதை விரும்புகிறார்கள். ஆகவே அறுவை மிகுதி என்பதாலேயே வற்புறுத்தல் மிகுதி என்று முடிவுகட்ட முடியாது.

ஆனால் இந்த எதிர்வாதம் உண்மையாக இருக்கும்போதே நம் அளவுகோலின் போதாமையும் வெளிப்படுகிறது. மன உறுதியோடு போய்ச் செய்துகொண்டவளுக்கும், பிரசவ வலியின் நடுவே நீட்டிய தாளில் கையொப்பமிட்டவளுக்கும் இடையிலான வேறுபாட்டை எண் காட்டவில்லை என்றால், முதலாமவளின் துணிவுக்கும் அது சான்றாகாது. பெண் அறுவை 57.8, ஆண் அறுவை 0.1 என்ற விகிதமும் இங்கே நினைவில் கொள்ள வேண்டியது. ஆண் அறுவை எளிது, பாதுகாப்பானது, தோல்வி விகிதமும் குறைவு. திறன் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் திட்டம் ஆண்களை நோக்கியே சென்றிருக்கும்.

8. எப்படி அளக்கலாம்?

மாற்று வழிகளுக்கான சிந்தனை புதிதல்ல. ஜூடித் புரூஸ் 1990இல் சேவையின் தரத்துக்கு ஆறு கூறுகளை வகுத்தார்: முறைகளில் தேர்வு, தகவல், தொழில்நுட்பத் திறமை, பணியாளரின் நடத்தை, தொடர் கவனிப்பு, மற்ற சேவைகளோடு இணைப்பு. முறை பற்றிய தகவல் குறியீடு மூன்று கேள்விகள் கேட்கிறது: வேறு முறைகள் பற்றிச் சொன்னார்களா? பக்கவிளைவுகளைச் சொன்னார்களா? பக்கவிளைவு வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா? இக்கேள்விகள் நம் குடும்பநல ஆய்விலேயே இருக்கின்றன. இந்திய அளவில் பக்கவிளைவுகள் பற்றிச் சொல்லப்பட்டவர்கள் நான்காம் சுற்றில் பாதிக்கும் குறைவு. ஐந்தாம் சுற்றில் 62 விழுக்காட்டை ஒட்டி. லீ செண்டரோவிச் 2020இல் இன்னும் ஒரு படி மேலே போய், கருத்தடையில் தன்னாட்சியை அளக்க முன்மொழிந்தார். தகவல், தேர்வு, சுதந்திரம் மூன்றும் இருந்து ஒரு பெண் கருத்தடை பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அவர் கணக்கில் அது வெற்றியே.

இவற்றின் அடிப்படையில் தமிழ்நாட்டுக்கு நான்கு மாற்றங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, மொத்தப் பயன்பாட்டு விழுக்காட்டைத் தனியே வெளியிடக் கூடாது. முறைவாரிப் பகுப்பும், கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் முறையை ஏற்றவர்களின் கணக்கும் அதனோடு வர வேண்டும். பழைய இருப்பையும் புதிய முடிவுகளையும் அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.

இரண்டாவது, காப்பர்-டி செருகல் எண்ணிக்கைக்கு அருகிலேயே அகற்றல் எண்ணிக்கையும் வர வேண்டும். அகற்றக் கேட்டு வந்த பெண்ணுக்கு அதே வருகையில் அது செய்யப்பட்டதா என்பதும் பதிவாக வேண்டும். எடுக்கச் சொன்னால் எடுக்கும் நிலையத்தில் செருகுவது மட்டுமே விருப்பத்தின் பேரில் நடந்ததாகக் கொள்ளத் தகும்.

மூன்றாவது, ஒப்புதலின் நேரம் பதிவாக வேண்டும். மருத்துவமனைப் பிரசவம் ஏறக்குறைய நூறு விழுக்காடு ஆகிவிட்ட, ஐந்தாம் சுற்றின் கணக்கில் பிரசவங்களில் 45 விழுக்காடு சிசேரியனாக நடந்த மாநிலம் இது. கருவுற்ற மாதங்களில் கிராம சுகாதார செவிலியர் பலமுறை சந்திக்கிறார்; பிக்மி என்ற கருவுற்றோர் பதிவு எண் வழியே ஒவ்வொரு கருத்தரிப்பும் பதிவாகிறது. பிரசவத்துக்குப் பின் என்ன முறை என்ற பேச்சு அந்த மாதங்களிலேயே நடந்ததா, பிரசவ மேசையில் நடந்ததா என்பதைக் குறிக்க ஒரே ஒரு கட்டம் போதும்.

நான்காவது, சேவை தரும் பணியாளரின் மதிப்பீட்டை முறை எண்ணிக்கையிலிருந்து முற்றாக விலக்க வேண்டும். எந்தப் பெண் எதைத் தேர்ந்தாலும், எதையும் தேராவிட்டாலும், செவிலியரின் வேலை நன்றாக நடந்ததா என்பதைப் பெண்ணைக் கேட்டே அறிய வேண்டும்.

9. முடிவுரை

கருத்தடை எதற்காக என்ற கேள்விக்குத் தமிழ்ச் சமூகத்தில் பழைய விடை ஒன்று உண்டு. 1930ஐ ஒட்டி, ‘குடி அரசு’ இதழில் எழுதிய பெரியார், மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கருத்தடையை ஆதரிப்பதைக் குறிப்பிட்டு, தாம் பெண்ணின் விடுதலைக்காகவே அதை ஆதரிப்பதாகப் பிரித்துச் சொன்னார். அரசுத் திட்டம் வந்தபோது முதல் வகைக் காரணங்கள் பேரேட்டின் தலைப்புகளாயின. பெரியார் சொன்ன காரணத்துக்கு அதில் கட்டமே ஒதுக்கப்படவில்லை.

கருவளம் 1.8 என்ற நிலைக்கு வந்துவிட்ட மாநிலத்தில் எண்ணிக்கையைக் குறைக்கும் தேவை முடிந்துவிட்டது. மாறாக, மக்கள்தொகை குறைவதால் தொகுதிகளும் நிதியும் குறையும் என்ற அச்சத்தில் கூடுதல் பிள்ளைகள் பெறச் சொல்லும் குரல்கள் தென்மாநிலங்களில் எழத் தொடங்கியுள்ளன. இரு திசைகளிலும் பெண்ணின் கருப்பை இன்னொருவரின் கணக்குக்கான கருவியாகவே பார்க்கப்படுகிறது. அளவுகோல் பெண்ணின் முடிவை எண்ணப் பழகியிருந்தால், பெறாதே என்ற அழுத்தத்தையும் பெறு என்ற அழுத்தத்தையும் அது ஒன்றுபோலவே காட்டிக்கொடுக்கும். ஆகவே மக்கள் நல்வாழ்வுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் கருத்தடைப் பயன்பாட்டு விழுக்காடு அச்சாகும் வரியை ஒட்டி, தகவல் பெற்றுத் தேர்ந்தவர்கள் எத்தனை பேர், அகற்றக் கேட்டு அகற்றப்பட்டவர்கள் எத்தனை பேர், வேண்டாம் என்று சொல்லி மதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று வரிகளும் அச்சாக வேண்டும். அந்த மூன்று வரிகள் இல்லாதவரை, 65.5 என்ற எண்ணைச் சாதனை என்றோ வற்புறுத்தல் என்றோ சொல்வதற்கு நம் எவரிடமும் போதிய சான்று இல்லை.